காவலுக்குப் போய்த் திரும்பிய வள்ளமும் எங்கள் அண்ணாவும்

எங்கள் அண்ணா பிறந்தது பருத்தித்துறையில், கடலுக்குக் கல்லெறி தூரத்தில். எங்கள் ஐயா காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. ஒரு மோட்டர் வள்ளத்தை வைத்தே எங்கள் நால்வரையும் ஆளாக்கினார். போர்க்காலத்தில் கடற்காவலுக்கென்று அதை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். வள்ளம் திரும்பவில்லை. அண்ணா அழுததை நாங்கள் காணவில்லை. இஞ்சின் திருத்தப் பழகினார், சிட்னி வந்தார், ஒவ்வொருவராக எங்களையும் கூப்பிட்டார். ஓய்வு பெறும்வரை ஆற்றங்கரைப் படகுப் பட்டறையொன்றில் வேலை செய்தார்.

அதே பட்டறையில்தான், அங்கு வந்துபோகும் ஆஸ்திரேலியப் பெண்மணி மார்கிரட் அன்ரியின் வள்ளம் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் அன்ரியின் தகப்பனார் தம் சொந்த மோட்டர் வள்ளத்தைக் கடற்படை ரோந்துக்கு வாடகைக்குக் கொடுத்தவராம். அது பத்திரமாகத் திரும்பியது. இப்போதோ மூலையில் காய்ந்து கிடந்தது. மாத முடிவுக்குள் மிதக்காவிட்டால் உடைத்துவிடுவோம் என்றார் மேலாளர்.

அதைத் திருத்த முன்வந்த அண்ணாவுக்கு அப்போது சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயலிசிஸ்.

"உந்தப் பழசுக்காக ஏன் அண்ணா உயிரைக் குடுக்கிறீங்கள்?" என்றேன்.

"உன்ர மனுசனும் பழசுதான். எறிஞ்சு போட்டியே?" என்றவர், தொடர்ந்து சொன்னார்: "காவலுக்குப் போய்த் திரும்பி வந்த வள்ளமடி. விறகாக விடமாட்டன்."

பழுது பார்த்து ஆற்றில் இறக்கிய அன்று இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டது. மேலே தூக்கச் சொன்னார் மேலாளர். அண்ணா மூன்று நாள் தவணை கேட்டு வாங்கினார்.

"காஞ்ச பலகை. தண்ணி குடிச்சு ஊதினால் இடுக்குத் தானா மூடும். அதுவரைக்கும் இறைக்க வேணும்," என்றார் எங்களிடம்.

மறுநாள், தவணையின் முதல் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் வள்ளத்தை விட்டு அசையவில்லை.

"போங்கோ, நான் இறைக்கிறன்."

"நீ வாழ்க்கையில வாளி பிடிச்சனியே?"

"பிடிச்சுக் காட்டுறன். எழும்புங்கோ!"

போனார். கையில் ஊசியோடு படுத்திருந்தபடியே போன் எடுத்தார்.

"எவ்வளவு தண்ணி?"

"முழங்கால் மட்டும், அண்ணா."

"கதையாதை, இறை!"

இரண்டாம் நாள் கணுக்காலளவு. மூன்றாம் நாள் காலை அண்ணா வெறுங்காலுடன் உள்ளே இறங்கினார். பாதம் நனையவில்லை. அன்று மேலாளரே அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன்பின் எட்டு மாதங்கள் எங்களோடிருந்து அண்ணா இறைவனடி சேர்ந்தார்.

முறை வைத்துத் தண்ணீர் இறைத்த லிட்கம் உறவுகளுக்கும், மெல்போர்ன் ரோவிலிலிருந்து ஓடிவந்து கடைசிவரை அருகிருந்த தம்பி குடும்பத்துக்கும், டயலிசிஸ் தாதியருக்கும், சோறு சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அஸ்தி கரைக்க அந்த வள்ளத்தையே தந்தார் மார்கிரட் அன்ரி. அவருக்குச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

அஸ்தி கரைத்த அன்று நான் வாளியையும் கையோடு எடுத்துப் போனேன். தேவைப்படவில்லை.