மார்த்தாளின் அட்டை இன்னும் கிழிபடவில்லை

மார்த்தாள் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன் நின்றிருந்தேன். துணியை விரித்து அடுக்கு போட்டுப் பாதி வெட்டியாகிவிட்டது. மடிப்பு வேலை பார்க்கும் சரசு ஓடி வந்து, "மாஸ்டருங்க, செக்கிங் அக்கா போயிருச்சுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருக்குதுங்க" என்றாள். நான் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. அடுக்கு முழுவதையும் வெட்டி முடித்த பிறகுதான் கை கழுவினேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கையை நிறுத்தினால் யோசிக்க வேண்டி வரும் என்று பயம்.

சபைப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போதகர் கேட்டார். "உங்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும், நல்லபடியாக எழுதுங்கள்" என்றார். நல்லபடியாக எழுத எனக்கு வராது. அடக்கத்தன்று நீங்கள் பேசியதையெல்லாம் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபவீராங்கனை என்றார் ஒருவர். சோர்ந்துபோகாத தாய் என்றார் இன்னொருவர். அடேயப்பா! அவள் உயிரோடு இருந்தபோது நாம் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பழைய குறிப்பு'. "பழைய குறிப்பு வருது, நகர்ந்து உட்காருங்க" என்று சொல்லிச் சிரித்தவர்களில் மூன்று பேர் அன்று அவளுக்கு மாலை போட்டீர்கள். மாலை நன்றாகத்தான் இருந்தது.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மார்த்தாள் பிறந்தது வெள்ளகோவில் பக்கம், காடு தோட்டம் என்று வசதியான குடும்பத்தில். பிறந்த வீட்டுப் பெயர் பொன்னாத்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் எடுத்து மார்த்தாள் ஆனாள். அன்றே அவள் வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். "என்ற புள்ள செத்துப்போயிட்டா" என்று அவளுடைய அம்மா வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாராம். நான்காம் வருடம் கம்பவுண்டரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். குழந்தை இல்லை. ராயபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சாதுவான பெண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்த முதல் வாரமே என்னோடு சண்டை. பனியனை வெளிச்சத்தில் பிடித்து விரல் விட்டுப் பார்ப்பாள். பின்னலில் ஒரு கண் விட்டிருந்தாலும் திருப்பி என் டேபிளுக்கே வந்துவிடும். "இத்துனூண்டு ஓட்டைக்குப் போய் இந்தப் பாடா?" என்று ஒரு நாள் கத்தினேன். "இன்னைக்கு இத்துனூண்டுங்க. நாலு தண்ணி பட்டா என்ற வளையலே உள்ள போகுமுங்க. ஓட்டைய நல்லதுன்னு சொல்லி அனுப்ப என்னால ஆகாதுங்க" என்றாள். முதலாளியே வந்து சொல்லியும் அந்தப் பனியனை அவள் அனுப்பவில்லை.

அந்த நாட்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆண்கள் டீக்கடைக்குப் போவோம், பெண்கள் வாசலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். மார்த்தாள் மட்டும் டேபிள்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வாள். உதடு அசையும். "என்னம்மா, கரண்ட் வரணும்னு ஜெபமா?" என்று கேலி செய்தேன். "கரண்ட் தானா வருமுங்க மாஸ்டருங்க. அதுக்குப் போய் எதுக்குங்க அவரைத் தொந்தரவு பண்றது?" என்றாள். அவள் தொந்தரவு செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று சபைக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூடுகையில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. வாசலில் பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் குறிப்பு எழுதிப் போடுவார்கள். சபைச் செயலர் அதை ஒவ்வொன்றாக வாசிப்பார், எல்லாரும் ஜெபிப்போம். பதில் கிடைத்துவிட்டால், கொடுத்தவரே எழுந்து வந்து செயலர் கையிலிருந்து தம் குறிப்பை வாங்கி, சபை முன்னால் கிழிக்க வேண்டும். வேறு யாரும் கிழிக்கக் கூடாது. செயலர் நான்தான். காகிதம் கிழிகிற அந்தச் சத்தம் கேட்டால் சபையே ஸ்தோத்திரம் என்று முழங்கும்.

மார்த்தாள் காகிதத்தில் எழுத மாட்டாள். பனியன் பெட்டியில் மிஞ்சும் அட்டையைச் சதுரமாக நறுக்கி, பென்சிலால் எழுதிப் போடுவாள். "காகிதம் சீக்கிரம் நைஞ்சு போயிருமுங்க. என்ற காரியம் நாளாகுமாட்ட இருக்குதுங்க" என்று அதற்குக் காரணம் சொன்னாள். எழுதுவது ஒரே வரி: 'எங்க அம்மா பழனியாத்தா எங்கிட்டப் பேசோணும்.' ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய அட்டை, அதே வரி. பதினேழு வருடம்.

அவள் தனியாக ஜெபிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். ஆலயத்துக் கூரையில் ஓடு மாற்ற ஆள் வந்த ஒரு சனிக்கிழமை மேற்பார்வைக்குப் போயிருந்தேன். உள்ளே யாரோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மார்த்தாள் மண்டியிட்டு, மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, காது கேக்குதுங்களா இல்லீங்களா? ஒரு வார்த்தைதானுங்க கேக்கறேன். வையறதா இருந்தாலும் சரிங்க, வையட்டும். செவுடாட்ட இருந்தா நான் உட்டுருவன்னு நெனச்சீங்களா?" நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன். ஆண்டவரிடம் அப்படிப் பேச எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அப்போது அது மரியாதைக் குறைவு என்று தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஜெபம் இருக்கட்டும், நேரில் போய்ப் பேசிப் பார்த்தாயா?" என்று ஒரு முறை கேட்டேன். பெரிய புத்தி சொல்லிவிட்டதாக நினைப்பு. "வருசா வருசம் போறனுங்க. போன பொங்கலுக்கும் போனேன். வாசப்படிக்கு வெளியவே நின்னேன். எங்கம்மா வெளிய வந்து நாய்க்குச் சோறு வெச்சாங்க. 'தின்னு சாமி'ன்னு நாய்கிட்டச் சொன்னாங்க. என்னையத் தாண்டி உள்ள போயிட்டாங்க" என்றாள். "குரலு மட்டும் அப்பிடியே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.

இனி என் பங்குக்கு வருகிறேன். அவள் அட்டை போடத் தொடங்கிய பதினோராவது வருடம், சபைக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தார் கேட்டார்கள்: "இத்தனை வருஷமா பதிலே வராத குறிப்பை வாராவாரம் வாசிக்கிறீங்களே, கேட்கிறவங்களுக்கு விசுவாசம் எப்படி வளரும்?" ஆலயத்தில் பழனியாத்தாள் என்று வாசிப்பதைக் கேட்டு இளவட்டங்கள் சிரிக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். கமிட்டி கூடியது. ஒரு வருடத்துக்கு மேலான குறிப்புகளை வாசிக்க வேண்டாம் என்று முடிவானது. முன்மொழிந்தவன் நான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அலுத்துவிட்டது. பதில் வராத அந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் என் முகத்தில் கரி பூசியதுபோல் இருந்தது. ஓட்டைப் பனியனை அடியில் வைத்து மடித்து அனுப்புகிற வேலைதான் அது. அவள் செய்ய மறுத்த வேலை.

மார்த்தாளுக்கு நான் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாக் குறிப்பும் வாசித்து முடித்தேன், அவளுடையது வரவில்லை. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தவள், முடிவில் எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். மறு வாரமும் பெட்டியில் அட்டை இருந்தது. அதற்கு மறு வாரமும். கடைசியில் அவளே ஒரு நாள் என் டேபிளுக்கு வந்து, "மாஸ்டருங்க, வாசிக்கறதும் வாசிக்காததும் உங்க இஷ்டமுங்க. போடறது என்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அதே வருடம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பின்பக்கம் செருப்புகள் கிடக்கும் இடத்தில், நெற்றியில் திருநீறு பூசிய ஒரு வயதான அம்மாள் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூட்டம் முடிந்து முதலில் வெளியே வந்தவன் நான்.

"ஏனுங்க சாமி, படிச்ச பேரு அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாம்மா."

"பழனியாத்தான்னு ஒரு பேரு படிப்பாங்கன்னு எங்கூர்ப் பொண்ணு ஒருத்தி சொன்னா. வாரம் தவறாமப் படிப்பாங்களாமே?"

எனக்குப் பசி. சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது. "அதெல்லாம் இப்ப இல்லைம்மா, நிறுத்தியாச்சு" என்றேன்.

அந்த அம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப அவளும் உட்டுப்போட்டா" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தமக்கே சொல்லிக்கொண்டார். படியிறங்கிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அவர் திரும்பும்போது தாடையைப் பார்த்தேன். மார்த்தாளின் தாடை. யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது, இதை நான் மறைக்கப் போவதில்லை. ஓடினால் நாலு எட்டில் பிடித்திருக்கலாம். உள்ளே மார்த்தாள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட்டால் எல்லாம் சொல்ல வேண்டும்: உன் அட்டையை நிறுத்தச் சொன்னது யார், உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த 'நாளைக்கு' வராமலே ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆறு வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அட்டை போட்டாள். ஆறு வருடமும் நான் அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அடக்கத்தன்று போதகர், நீதிபதியின் வாசலுக்கு ஓயாமல் வந்து நின்ற அந்த விதவையைப் பற்றிப் பேசினார். மார்த்தாள் அந்த விதவை போன்றவள் என்றார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். அந்தக் கதையில் அநீதியுள்ள நீதிபதி ஒருவன் இருக்கிறானே, அவனை யாரும் தேடவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அந்த நீதிபதியாவது தொந்தரவு தாங்காமல் கடைசியில் வழக்கை எடுத்தான். நான் அதுகூடச் செய்யவில்லை.

அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் போட்டிருக்கிறாள், அட்டை இருந்தது. பென்சில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் நாய் குரைத்தது. பழனியாத்தாள் அம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் இறந்த சேதி அவருக்கு வந்திருந்தது, மகன்கள் போக விடவில்லை. நான் யார் என்று சொன்னேன். அன்று மழையில் நிறுத்தியாச்சு என்று சொன்னவன் நான்தான் என்றேன். நிறுத்தியது மகள் இல்லை, நாங்கள்தான் என்றேன். அட்டையை எடுத்து வாசித்தேன்.

"இன்னொருக்கா படிங்க" என்றார். வாசித்தேன்.

"இதுதானுங்களே அன்னைக்குக் கேக்க வந்தேன்" என்றார். "என்ற பேரு படிக்கறாங்கன்னு இருந்தா உள்ள போயி அவளைக் கூப்புடலாம்னுதான் வந்தேன். பஸ்ஸுல வாறப்பவே வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தனுங்க."

என்னிடமிருந்து அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து, "அம்மிணி" என்றார். "அம்மிணி, நான் வந்தன்டி. நீ உட்டுப்போட்டீன்னு நெனச்சுப் போயிட்டன்டி." வெகுநேரம் அட்டையோடு பேசிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. பிறகு அட்டையை என்னிடம் திருப்பித் தந்து, "ஆறு வருசம் முந்திப் படிச்சிருக்கலாமுங்களே சாமி" என்றார். திட்டவில்லை. அந்த மரியாதையை நான் எப்படித் தாங்குவது?

இதைப் பெரிய சாட்சியாக்கிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். விடாமல் கேட்டாள், கடைசியில் கிடைத்தது என்று வெள்ளிக்கிழமை யாரும் எழுந்து சொல்லக் கூடாது. அவள் கேட்டது அவள் காதில் விழ வேண்டிய ஒரு குரல். பதில் படியேறி வந்து செருப்புகளோடு நின்றது. திருப்பி அனுப்பியவன் நான்.

மார்த்தாள் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்த அட்டைதான். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அம்மா பேசிவிட்டார். ஆகவே நம் வழக்கப்படி அது கிழிபட வேண்டிய குறிப்பு. கிழிக்க வேண்டியவள் எழுந்து வர மாட்டாள்.