நெயில் பாலிஷ் வைத்த ஸ்க்ரூ

கம்பத்தில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்த அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் இருக்காது. ஏமாற்றுகிறவனுக்காவது உண்மை என்னவென்று தெரிந்திருக்கும்.

என் தம்பிக்குச் சிறு வயதிலேயே போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது. ரயில்வே வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். டாக்டர் பார்க்கும் இடத்தில் காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து தேனி பஜாரில் எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் திட்டித் தீர்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்ன, ரயிலைத் தள்ளிக்கொண்டா போகிறார்?

எண்பதுகளின் கடைசியில், ஜெர்மனியில் நர்ஸாக இருந்த எங்கள் சித்தி மகள் லீவில் வந்தபோது அவனுக்கு ஒரு மாடல் ரயில் கொண்டுவந்தாள். தண்டவாளம், கண்ட்ரோல் பெட்டி, ஒரு எஞ்சின். கடைக்குப் பின்னால் வத்தல் மூட்டைகளை ஒதுக்கி, பலகை அடித்து, போடியிலிருந்து தேனி வரைக்கும் ஒரு லைன் போட்டுவிட்டான். தேனி ஸ்டேஷனில் இரண்டு லைன். முப்பது வயது ஆம்பளை பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நான் காப்பி கொடுக்கவில்லை.

சாதாரண பொம்மை ரயிலில் கரண்டு விட்டால் லைனில் நிற்கிற எஞ்சின் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். இது டிஜிட்டல். பெட்டியில் எந்த எஞ்சினின் நம்பரை அழுத்துகிறோமோ அது மட்டும்தான் நகரும். சித்தி மகள் எஞ்சின் தலையில் இருந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே சின்னப் பச்சைப் பலகை, அதில் அரிசி அளவு வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக.

"இந்தச் சுவிட்சுதான் அதுக்கு நம்பரு. வேற எஞ்சின் வாங்குனா இது இருக்கான்னு தொறந்து பாத்து வாங்குங்க. இல்லாதத வச்சா சொன்ன பேச்சு கேக்காது, தறிகெட்டு ஓடும்" என்றாள்.

அவள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு தம்பிக்கு ஒரே நினைப்பு. "இன்னொரு எஞ்சின் கெடச்சா கிராசிங் போடலாம்க்கா. ஒண்ணு தேனில நிக்கும், எதுத்த வண்டி வந்து தாண்டிப் போகும், பெறகு இது கெளம்பும்." வேலை கிடைக்காதவன் தன் கையால் ஒரே ஒரு கிராசிங் போட ஆசைப்பட்டான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

கம்பத்துக் கடையில் அந்த மாதிரி எஞ்சின் இரண்டு பழசாக வந்திருக்கிறது என்று தெரிந்து போனோம். ஒன்று சிவப்பு, பக்கவாட்டில் தங்க நிறத்தில் பெரிய நம்பர். இன்னொன்று கறுப்பு, நம்பர் தேய்ந்து போனது. டிஜிட்டல் என்று போட்ட அட்டைப்பெட்டியில் சிவப்பு இருந்தது.

"தொறந்து பாத்துக்கிறோம்" என்றேன்.

"ஸ்க்ரூவத் தொட்டா செகண்ட் ஹாண்ட் ஆயிரும்க்கா."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவன் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தான். சுவரில் சிவப்பு எழுத்தில் மணி காட்டிய கடிகாரத்தைக் கை நீட்டிக் காட்டி, "டிஜிட்டல்னா நம்பருண்ணே. இந்தா, இதுலயும் நம்பர் இருக்குல்ல?" என்றான். சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தான். அந்தச் சீல் உடைந்தால் திருப்பி வாங்க மாட்டானாம். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, விடு. பெட்டியிலயே போட்டிருக்குல்ல" என்றான் தம்பி.

சிவப்பையே வாங்கிக்கொண்டு வந்தோம். சீலை உடைக்க முடியாது. அப்புறம் ஓட்டித்தானே பார்க்க வேண்டும்? பழைய எஞ்சினைத் தேனியில் நிறுத்தினான், புதுசைப் போடியில் வைத்தான். "மொதல்ல இத மட்டும் ஓட்டிப் பாருடா" என்றேன். "கிராசிங்னா ரெண்டும் இருக்கணும்லக்கா" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கரண்டு விட்டதும், எந்த நம்பரையும் அழுத்தும் முன்பே, சிவப்பு எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஸ்டேஷன் வளைவில் தடம் புரண்டு, நின்றுகொண்டிருந்ததை இடித்துத் தள்ளியது. இரண்டும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. தம்பி காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து பொறுக்கினான். பழைய எஞ்சினின் பச்சைப் பலகை இரண்டாக உடைந்திருந்தது.

மறுநாள் சிவப்பு எஞ்சினை எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். அனுமந்தன்பட்டி தாண்டும் வரை கடைக்காரனை என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"ஓடுச்சா இல்லையா?" என்றான் அவன்.

"ஓடுச்சு."

"பெறகென்னக்கா?"

கறுப்பு எஞ்சினை எடுத்து, கொண்டுபோன திருப்புளியால் அவன் கண் முன்னாலேயே ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன.

எட்டிப் பார்த்தவன், "அதுல நம்பரே இல்லையேக்கா" என்றான். "இதுதான் அந்தப் பெட்டில வந்துச்சு. கொண்டாந்தவுக தெரியாம மாத்தி வச்சுட்டாக போலன்னு நாந்தேன் சரி பண்ணி வச்சேன்."

சரி பண்ணினானாம்! சிவப்பின் சீல் உடையாமல் இருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப நியாயஸ்தன் மாதிரி கறுப்பை மாற்றிக் கொடுத்தான். தம்பியின் எஞ்சின் உடைந்ததைச் சொன்னேன். "அது நம்ம கடைச் சரக்கு இல்லையேக்கா" என்றான்.

கறுப்பு எஞ்சின் சொன்ன பேச்சு கேட்டது. தம்பி அதைப் போடியிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்து தேனியில் நிறுத்தினான். நிறுத்தியவன் கையை எடுக்கவில்லை, கிளப்பவும் இல்லை.

"ஏண்டா நிப்பாட்டிட்ட?"

"எதுத்த வண்டி போகட்டும்க்கா" என்றான், காலியாகக் கிடந்த லைனைப் பார்த்துக்கொண்டு.