படி இல்லாத நிலை

வைகுண்டராஜ் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தார். எல்லையில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் மேற்கே மலையைப் பார்ப்பார். ஏதோ ராணுவ ரகசியம் போலிருக்கிறது என்று கேட்டவர் மரியாதையாக நகர்ந்துவிடுவார். ஸ்டோரில் உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் கம்பளியும் காலுறையும் எடுத்துக் கொடுத்த ரகசியம் மனைவி அய்யம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததால் தெருவுக்கும் தெரியும்.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு மீசையும் ஒரு பித்தளைத் திசைகாட்டியும். மீசை அவருக்கு ராஜபாளையத்து நூல்மில் ஒன்றில் செக்யூரிட்டி ஆபீசர் வேலை வாங்கித் தந்தது. திசைகாட்டி அவரை வாஸ்து நிபுணர் ஆக்கியது. தெருவில் யார் வீடு கட்டினாலும், வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் தெளித்து, நல்ல நேரம் பார்த்து நிலை வைக்கிற அன்று இவர் அழைக்கப்படாமலே போய் நிற்பார். திசைகாட்டியைத் திறப்பார். ‘ரெண்டு டிகிரி வடக்க தள்ளு’ என்பார். அவர் தள்ளச் சொன்ன மூன்று வீடுகளில் இரண்டுக்கு இன்றைக்கும் வாசலுக்கு நேரே மின்கம்பம் நிற்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் விற்றுவிட்டுத் தென்காசிக்குப் போய்விட்டார்.

இப்பேர்ப்பட்டவருடைய மகள் பாண்டிசெல்வி, நான்கு வருஷத்துக்கு முன் பெலிக்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெலிக்ஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். மதமெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று வைகுண்டராஜ் ஊர் முழுக்கச் சொன்னார். அவர் சொன்ன குற்றம் வேறு. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டது செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு. சுத்த ராகு காலம். பெற்ற தகப்பனிடம் ஒரு நேரம் கேட்க வேண்டாமா? தெருவே கேட்கும்படி சத்தியம் செய்தார்: “உயிரு இருக்கிற வரைக்கும் அவ வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மதுரைக்குப் போகும்போது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிற ஐந்து நிமிஷமும் சன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். அய்யம்மாளுக்கோ அந்த நான்கு வருஷத்தில் பக்தி முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆண்டாளைக் கும்பிடப் போனாள். போகும்போது தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாள். ஆண்டாள் கோயிலுக்கு எதற்குக் கருவாடு என்று பட்டாளத்துப் புத்திக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தோன்றவில்லை.

போன தை மாதம் மொபெட்டிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு, ஆறு வாரப் படுக்கை. முதல் வாரத்திலேயே அடுப்பு அக்கினி மூலையில் இல்லை என்று கண்டுபிடித்து அய்யம்மாளின் உயிரை வாங்கினார். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் விமல், அம்மாவின் மேல் இரக்கப்பட்டு ஒரு தொடுதிரை டேப் வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டுப் போனான். எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன உலகம். மரம் வெட்டலாம், மலை குடையலாம், வீடு கட்டலாம். அது விமலும் அவனுக்கு வேண்டியவர்களும் ஆடுகிற பொது உலகம்; ஒருவர் கட்டியது மற்றவர் வரும்போதும் அப்படியே இருக்கும். இனிமேல் இந்த மனிதர் கட்டைக்கு வாஸ்து பார்க்கட்டும் என்று அய்யம்மாள் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

பார்க்கத்தான் செய்தார். பத்து நாளில் நான்கு கட்டு வீடு ஒன்று எழுப்பினார். அடுத்தது போர்ட்டல். கருங்கல்லால் ஒரு நிலை செய்து தீப்பொறி வைத்தால் நடுவே ஊதா நிறத்தில் ஒரு திரை எரியும். அதற்குள் நான்கு விநாடி நின்றால் வேறொரு உலகம். நெருப்பும் எரிமலைக் குழம்புமாக நரகம் மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஓரடி நடந்தால் இங்கே எட்டடி நடந்த கணக்கு. அதற்காகத்தான் எல்லோரும் அந்த வழியாகப் போவது. நிலையின் நான்கு மூலைக் கல்லும் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, கீழ்ப்படி இல்லாவிட்டால் மட்டும் எரியாது என்று விமல் சொன்னபோது வைகுண்டராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். வெள்ளைக்காரன் விளையாட்டிலும் சாஸ்திரம் இருக்கிறது பார் என்றார்.

எங்கே கட்ட வேண்டும் என்று விமல் நான்கு சிவப்புக் கல் வைத்து அடையாளம் காட்டியிருந்தான். இம்மிகூட நகர்த்தாதீர்கள், பக்கத்தில் ஏற்கெனவே வேறொருவர் வாசல் இருந்தால் விளையாட்டு உங்களை அதில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று போனில் மூன்று தடவை சொன்னான். இவர் விளையாட்டிலேயே ஒரு திசைகாட்டி செய்து பார்த்தார். சிவப்புக் கல் கன்னி மூலையில் கிடந்தது. கன்னி மூலையில் யாராவது வாசல் வைப்பானா? நாற்பது அடி தள்ளி, ஈசானியத்தில், அம்சமாகக் கட்டினார். அந்த விளையாட்டில் திசைகாட்டி முள் வடக்கைக் காட்டாது, ஒருவர் முதன்முதலில் வந்து பிறந்த இடத்தைத்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் ஈசானியம் என்று நினைத்தது எந்த மூலையோ, அந்தக் கட்டைக்கே வெளிச்சம்.

விமல் பயந்தபடியே நடந்தது. திரைக்குள் நின்றார், நரகத்துக்குப் போனார், பன்றிமுகப் பூதங்களைப் பார்த்து ஒரு பட்டாளத்துக்காரனுக்குரிய வேகத்தில் திரும்பி ஓடிவந்தார். வெளியே வந்தால் அது அவர் வீடு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்த வீடு. ஆள் இல்லை. சின்னதாக, இரண்டே அறை. மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. வாசல் தெற்குப் பார்த்திருந்தது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் ஒரு பலகை நட்டு எழுதினார்: ‘தெற்கு வாசல் ஆகாது. உடனே மாற்றவும்.’

மறுநாள் போய்ப் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு பலகை. ‘மாமனார் குடுத்த இடம் சார். ரோடு அந்தப் பக்கந்தான்.’ அப்படியானால் தண்ணீர்த் தொட்டியையாவது மாற்று என்று எழுதினார். அடுத்த நாள் தொட்டி மாறியிருந்தது. வைகுண்டராஜின் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவர் சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. காலைக் காப்பிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. யாரோ தங்கமான பிள்ளை என்று அய்யம்மாளிடம் சொன்னார். அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் பலகையில் ஒரு கேள்வி இருந்தது. ‘நெசத்துலயும் இதே மாதிரி வீடு கட்டுறோம். நிலை வைக்க நேரம் குறிச்சுத் தாங்க. நீங்க சொன்னாத்தான் வைப்போம்.’ அவர் ஆனந்தத்தில் உப்பிப்போய், பெயர் வேண்டாம், வீட்டுக்காரியின் நட்சத்திரம் போதும் என்று எழுதினார். ஒரு பலகையில் நாலு வரிக்கு மேல் எழுத முடியாது. மறுநாள் பதிலுக்கு மூன்று பலகை வேண்டியிருந்தது. ‘அனுஷம், நாலாம் பாதம். பிறந்தது ராஜபாளையம். அப்பா அப்ப பட்டாளத்துல இருந்தாக. எம் பேரே தபால்லதான் வந்துச்சு.’

அந்தத் தபால் அட்டையை அவர் ஸ்டோரில் கம்பளிக் கட்டின் மேல் வைத்து எழுதியது. பெண் பிறந்த செய்தி கிடைத்த அன்று மூன்று பெயர் எழுதி, இரண்டை அடித்து, ‘பாண்டிசெல்வி’ என்பதை மட்டும் விட்டு அனுப்பினார். டேப்பைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, கட்டை உலகத்தில் தன் வீட்டுக்கு ஓடிவந்து, தன் கருங்கல் வாசலை உடைக்க ஆரம்பித்தார். கோபத்தில் உடைப்பதற்கு அது தோதான கல் இல்லை. ஒரு கல்லுக்குப் பத்து விநாடி இடிக்க வேண்டும். கீழ்ப்படியில் ஒரு கல் போனதும் ஊதாத் திரை பட்டென்று அணைந்தது. இரண்டாவது கல்லுக்குக் கோபம் மிச்சமில்லை.

மூன்று நாள் அவர் டேப்பைத் தொடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசாரி வாசக்காலைச் செய்து சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார், கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், நேரம் வராமல் சுவர் ஏறாது என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். இவ்வளவையும் அய்யம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ சொல்வதுபோலச் சொன்னாள். சத்தியம் செய்துவிட்டேனே என்று அவர் முனகினார்.

“ஒம்போது நாளா அவ வாசல்லதான போக வர இருக்கீக. படிய மிதிக்காம பறந்தா போனீக?” என்றாள் அய்யம்மாள். “ராகு காலத்துல கட்டிக்கிட்டான்னு ஏசுனீகளே, இப்பந்தான் நேரம் கேக்காள்ல. வாயத் தொறந்து சொன்னா என்ன?”

மத்தியானம் டேப்பை எடுத்தார். கருங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்தார். தீப்பொறி போட்டார், எரிந்தது. மகள் வீட்டுக்குப் போய்ப் பலகை நட்டார். ‘வியாழன் காலை 10.45. பால், நவதானியம் மறக்க வேண்டாம்.’ வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. வாழ்த்து எழுதினால் மீசை உதிர்ந்துவிடும் அல்லவா.

வியாழக்கிழமை, மாவுக்கட்டு பிரித்து நான்காம் நாள், கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினார். திசை சரியாக இருக்கிறதா என்று தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன், உள்ளே வரமாட்டேன் என்று வழிநெடுகச் சொன்னார். அய்யம்மாள் ஷட்டரை இறக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

பெலிக்ஸ் ஓடிவந்து நாற்காலி போட்டான். பாண்டிசெல்வி சிமெண்டு மூட்டைப் பக்கத்தில் நின்றாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். அவளைப் பார்க்காமலிருக்க வேண்டி அவர் வாசக்காலைப் பார்த்தார். பூச்சூட்டிப் பொட்டு வைத்துச் சாத்தியிருந்த அந்த நிலையில் இரண்டு பக்கமும் மேல்கட்டையும் இருந்தன. கீழே ஒன்றும் இல்லை. நிபுணருக்குச் சத்தியம் மறந்துபோய்விட்டது.

“ஏட்டி, என்ன நிலை இது? படி எங்க?”

பாண்டிசெல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்கதானப்பா வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னீக. படியே இல்லாட்டி உங்க சத்தியமும் நிக்கும், நீங்களும் உள்ள வரலாம்னுதான் ஆசாரிட்ட வேண்டாம்னுட்டேன்.”

வைகுண்டராஜ் திசைகாட்டியைத் திறந்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துபோனதால் முள் எந்தப் பக்கம் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் சன்னலை மூடிக்கொண்டு போனவர் அவர். இவள் வீட்டின் வாசலையே அவருக்காகக் குறைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

“கீழ்ப்படி இல்லாம எந்த வாசலும் தெறக்காது,” என்றார். “படி வைக்கச் சொல்லு. மிதிச்சுட்டுத்தான் உள்ள வருவேன்.”

ஆசாரி தலையைச் சொறிந்தார். மரம் மம்சாபுரத்துப் பட்டறையில் கிடக்கிறது, அறுத்து இழைத்துக் கொண்டுவர ரெண்டு மணி ஆகும் என்றார். வியாழக்கிழமை ரெண்டு மணி நட்ட நடு ராகு காலம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும், பெலிக்ஸுக்கும்கூடத் தெரியும். எல்லோரும் வைகுண்டராஜைப் பார்த்தார்கள். அவர் திசைகாட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஆகட்டும்,” என்றார்.

இரண்டு பத்துக்குப் படியோடு நிலை நின்றது. முதலில் வைகுண்டராஜைத்தான் ஏறச் சொன்னார்கள். வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு வலது கால்தான் இன்னும் ஊன்ற வரவில்லை. பெலிக்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை வைத்து ஏறினார்.