கன்னத்துச் சதைக்கு ஒரு ஸ்கேன்

முகாம் என்றால் நோயாளிகளுக்குத்தான் நடத்துவார்கள். இது நோய் இல்லாதவர்களுக்கு என்று வீரபாண்டி முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், நல்ல உடம்புக்காரர்களின் தாடைச் சதை எவ்வளவு தடிமன் என்று ஸ்கேன் வைத்து அளக்கிறார்களாம். கடைவாய்ப் பல் எல்லாம் இருக்க வேண்டுமாம். எனக்கு எல்லாம் இருக்கிறது. இந்த வயதிலும் வறுத்த கடலையைக் கடித்துத்தான் தின்கிறேன். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

படிக்கிற பெண் ஒருத்தி என் கன்னத்தில் சில்லென்று பசை தடவி, கைக்கருவியை வைத்து அழுத்தினாள். என் முகத்தில் இன்னொருவர் கை பட்டு வெகுநாளாயிற்று.

"நல்லாக் கடிங்க அம்மாயி."

கடித்தேன்.

"அடேயப்பா! எங்க ஹாஸ்டல் பரோட்டாவே உங்ககிட்டத் தோத்துரும்."

"கொண்டா கண்ணு, பாத்துக்கலாம்."

"இப்ப லூசா விடுங்க."

விட்டேன்.

"விடுங்க அம்மாயி."

"விட்டுட்டனே கண்ணு."

"இல்லீங்க, இன்னும் கடிச்சுட்டுத்தான் இருக்கறீங்க. மிஷின்ல தெரியுது பாருங்க. ரெண்டு அளவும் வேணுமுங்க. இல்லீன்னா உங்களைச் சேத்த முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. நல்ல உடம்புக்காரர்கள் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதா? மறுபடி விட்டுப் பார்த்தேன். தாடை எனக்குக் கட்டுப்படவில்லை.

வாயைத் திறக்க எனக்கு ஏது வேலை? வீட்டைச் சுற்றி நான் வாடகைக்கு விட்ட அறைகள், எல்லாவற்றிலும் பனியன் கம்பெனிக்குப் போகிற வடக்கத்திப் பையன்கள். அவர்கள் இந்தி எனக்குத் தெரியாது, என் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. மகன் போனில் சாப்பிட்டாயா என்பான், ஆச்சு என்பேன். முடிந்தது.

அந்தப் பெண் யோசித்தாள்.

"எதாச்சும் பேசுங்க அம்மாயி. பேசினாத் தானா லூசாயிரும்."

"என்னத்தைப் பேச?"

"எதுன்னாலும்."

ஆரம்பித்தேன். "எங்கூட்டுல குடியிருந்த பையன் ஒருத்தன் தீவாளிக்கு டப்பால இனிப்புக் கொண்டாந்து குடுத்தானுங்க. வெறும் டப்பாவ எப்படித் திருப்பிக் குடுக்கறது? முறுக்குச் சுட்டுப் போட்டுக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். அப்பறம் பாத்தா..."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேச்சோடு கையும் தானாக ஆடியது.

"அப்படியே இருங்க! பேசாதீங்க!"

வாயை மூடினேன். கருவியை அழுத்திப் பிடித்தாள்.

"வந்துருச்சு அம்மாயி! சூப்பர்!"

கன்னத்தைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தாள். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை. அதுதான் என் சதையாம். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் என்னாச்சு என்று கேட்பாள் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கேட்காதவர்களிடம் நானாகப் போய்ச் சொல்வேனா? வந்துவிட்டேன்.

முறுக்கோடு போனபோது அந்த அறையில் வேறு பையன் படுத்திருந்தான். முன்னவன் ஊருக்குப் போய்விட்டதாகக் கையால் சைகை காட்டினான். அவ்வளவுதான் மீதிக் கதை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?