போபோடியில் இரண்டு முறை சொன்ன ஒரே செபம்

ஜனவரியில் புனே போகிறேன் என்றதும் அலுவலகத்தில் கோட்டை, மலை என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். நான் போனதோ ஒரு சண்டையை வேடிக்கை பார்க்க. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அதில் எனக்கும் ஒரு கட்சி இருந்தது.

என் தங்கை ஸ்டெல்லா இருப்பது வானவடியில். நாங்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், அவள் கணவர் ஜெபராஜ் புரொட்டஸ்டண்ட். கல்யாணப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றவரை நான்தான் கையைப் பிடித்து விலக்கினேன். மற்ற சபையாருக்கு அதைக் கொடுப்பதில்லை, முறைப்படி சரிதான், ஆனால் அத்தனை பேர் முன்னால். அதன்பின் பதினோரு வருடமாக அவர் எங்கள் கோயில் படி ஏறவில்லை. ஒரு தடவையாவது அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து செபிக்க வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் ஆசை. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அதைச் சாக்கிட்டு, தமிழ்ப் பூசை நடக்கும் போபோடி கோயிலில் இரு சபையாரும் சேர்ந்து செபிக்க ஏற்பாடு செய்துவிட்டாள்.

வெள்ளி காலை 6.10 விமானம், 4,850 ரூபாய். எட்டு மணிக்குப் புனே. அங்கிருந்து வானவடிக்கு 11 கிலோமீட்டர், டாக்ஸி 320. ஸ்வெட்டர் எடுக்காமல் போன புத்திசாலி நான், பல் தந்தியடித்தது.

மறுநாள் மாலை 4.15க்கு ஆட்டோ. போபோடிக்கு ஐம்பது நிமிடம், 230 ரூபாய். சனிக்கிழமை சர்ச்சில் என்ன என்று ஓட்டுநர் இந்தியில் கேட்டார். “ஜகடா ஹை” என்றார் ஜெபராஜ். சண்டை இருக்கிறதாம். ஸ்டெல்லா முறைத்தாள்.

கோயில் வாசலில் அந்தோணி அங்கிள், தமிழ்ச் சங்கச் செயலாளர், ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “அரே, சேர்ந்து ஜெபம் பண்ணா எல்லாம் ஒண்ணுதான்னு ஆயிடும். அப்புறம் நம்ம பசங்களுக்கு நற்கருணைன்னா என்னன்னே தெரியாது” என்று பங்குத்தந்தையிடம் பொரிந்துகொண்டிருந்தார். நான் மனசுக்குள் தலையாட்டினேன்.

“நற்கருணையில நாம இன்னும் ஒண்ணாகல அங்கிள். அதுக்காக செபத்தையும் நிறுத்தணுமா?” என்றார் ஃபாதர்.

“டீக் ஹை, சரி. ஆனா ஒரு இடத்துல குளறுபடி ஆனாலும் அடுத்த வருஷம் இது கிடையாது” என்று இறங்கி வந்தார் அங்கிள்.

5.30க்கு ஆரம்பம். பாட்டும் வாசகமும் நன்றாகவே போயின. பிறகு இயேசு கற்பித்த செபம். எங்கள் வழக்கத்தில் அது சற்று முன்பே முடிந்துவிடும். அவர்கள் கடைசியில் ஒரு புகழ்வரியும் சேர்த்துச் சொல்வார்கள். அவரவர் வழக்கப்படி சொல்லலாம் என்று பேச்சு. ஆனால் விருந்தாளிகளைத் தனியே விடக் கூடாதென்று எங்கள் ஃபாதர், “கடைசிவரை கூடவே சொல்லுங்கள்” என்று எங்களிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். வந்த இடத்தில் மரியாதை என்று அவர்கள் போதகரும், “அவர்கள் நிறுத்துமிடத்தில் நிறுத்துங்கள்” என்று சொல்லி வைத்திருந்தார். விளைவு, நாங்கள் அந்த வரியைக் கணீரென்று சொல்ல, அவர்கள் கப்சிப்.

எல்லோரும் திருதிருவென்று விழித்தோம். ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தோணி அங்கிள் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். மனுஷன் தோள் குலுங்கச் சிரித்தார். “நமக்காக அவங்க விட்டுக்கொடுத்தாங்க, அவங்களுக்காக நாம. மறுபடி முதல்லேர்ந்து சொல்லலாம். எல்லாரும் கடைசிவரைக்கும்.”

சொன்னோம். கூரை அதிர்ந்தது. என் கட்சி தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்ததும் ஜெபராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க மச்சான், பசிக்குது” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டோவை விட, ஸ்வார்கேட்டில் மெட்ரோ ஏறினால் போபோடியிலேயே இறங்கலாம். தமிழ்ப் பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சபைகள் ஒன்றாக இன்னும் எத்தனை காலமோ, பெரியவர்கள் விவாதிக்கட்டும். விட்டுக்கொடுக்கப் போய்க் குழம்புவது நல்ல குழப்பம் என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிறு காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜெபராஜ் சட்டையை இஸ்திரி போட்டபடி சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“ஸ்டெல்லா, உங்க பூசை எத்தன மணிக்கு?”