சுகந்தினி கட்டிய இறால்

முள்ளியவளையில் கலியாணப் படம் எடுக்கிற எனக்கு ஒரு எதிரி உண்டென்றால், அது மணப்பெண் அலங்காரம் செய்கிற சுகந்தினிதான். எட்டு மணிக்குப் படம் என்றால் எட்டே முக்காலுக்குத்தான் பெண்ணை வெளியே விடுவாள். வாய்திறந்து ஒன்றும் சொல்லவும் முடியாது. அவள் கைபட்ட முகத்தில் பிழை பிடிக்க இதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

அவள் கணவன் கோகுலன் நாயாற்றில் வள்ளம் வைத்திருக்கிறான். முன்பு இரண்டு வருடம் கத்தாரில் இருந்தவன். திரும்பி வந்த அன்று, பெற்ற மகளே அவனை அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இப்போது மறுபடியும் விசா வந்திருந்தது. போக அவனுக்கு மனமில்லை. போகாமலிருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

நாயாற்றுக் கடலேரியான களப்பில் கொடுவா மீன் பிடிக்க வந்துபோன சுவீடன்காரர் ஒருவர் காட்டிய வழி அது. இந்த ஆட்கள் தூண்டிலில் இரை குத்துவதில்லை. மயிரும் நூலும் கட்டிய பொய் இறாலை எறிந்து, இழுத்து இழுத்து மீனை ஏமாற்றுவார்கள். அவர் கொண்டுவந்த சிவப்பு இறால்களை எங்கள் கொடுவா கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. "இந்த இடத்து இறால் போல ஒன்று கட்டித் தந்தால், மாசியில் நண்பர்களோடு வருகிறேன். மீன் கடித்தால் வருடா வருடம் ஒரு மாதம் உன் வள்ளத்தில்தான்" என்று சொல்லிப் போனார்.

அவர் விட்டுப்போன சிவப்பு இறாலில் ஒன்றைக் கோகுலன் மனைவியிடம் கொடுத்தான். அவள் விடுவாளா? தங்கூசி என்கிற நைலோன் நூலின் நுனியைச் சுட்டு இரண்டு கண் செய்தாள். பொய் இமையில் கால்கள், மேலே வெள்ளி மினுக்கம், தலையில் நூல் முடிந்த இடத்துக்கு நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ்.

"இனி இறாலுக்குக் கூறைச்சீலையும் உடுத்துவியோ?" என்று கேட்டேன்.

"பாத்துக்கொண்டிருங்கோ அண்ணை" என்றாள்.

பார்த்தோம். ஒரு கிழமை முழுக்கக் கோகுலன் எறிந்தும் ஒரு மீனும் வாய் வைக்கவில்லை.

அவளுக்கு வந்ததே கோபம்! அடுத்த நாள் தானே நாயாற்றுக்கு வந்தாள். படம் எடுக்கிற சாட்டில் நானும் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு இறாலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினாள். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு உடம்பே இல்லை அண்ணை. கண் ரெண்டும், உள்ளுக்கு ஒரு கோடும்தான் தெரியுது."

விரலால் ஒன்றைத் தொட்டாள். அது சட்டென்று வாலை மடித்துப் பின்னுக்குப் பாய்ந்தது. சுகந்தினி தலையில் கை வைத்தாள்.

"நான் முகத்தை முன்னுக்கு வச்செல்லோ கட்டினனான்! பயந்தது பின்னுக்கெல்லோ பாயுது!"

அன்று வீட்டுக்கு வந்ததும் என் தலையைத்தான் முதலில் குனியச் சொன்னாள். கறுப்பு மயிர் தண்ணீருக்குள் தெரியுமாம், நரைத்தது தெரியாதாம். பதினொரு மயிரை வெட்டி எடுத்தாள். கண்களைத் தூண்டில் வளைவின் பக்கமும், வாலை நூல் கட்டும் காதின் பக்கமும் வைத்தாள்; இனி இழுத்தால் பயந்த இறால் போலப் பின்னுக்குத்தான் போகும். மினுக்கம் இல்லை, சிவப்பு இல்லை, நடுவே பழுப்பு நூல் ஒரு கோடு மட்டும். அதைத் தண்ணீரில் போட்டபோது என் மயிரை நானே தேட வேண்டியிருந்தது. பெண்களைச் சோடித்தே பேரெடுத்தவள் இவ்வளவையும் விட்டுவிட்டுக் கட்டினாளே என்று, உண்மையைச் சொன்னால், அன்றுதான் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எறிந்து பார்க்க நாள் கிடைக்குமுன்பே மாசி பிறந்து, சுவீடன்காரர் நாலு பேரோடு வந்தார். அன்று காலை சுகந்தினிக்கு ஒரு கலியாணம். பெண்ணுக்கு ஒரு புருவம் முடிந்திருந்தது. நான் திறந்திருந்த அறை வாசலில் காத்திருந்தேன். கோகுலன் களப்பில். அங்கே தொலைபேசி எடுபடாது. புறப்படும்போது, "விசா ஏஜென்சிக்காரர் போன் எடுத்தா நீயே பதில் சொல்லு" என்று சொல்லிப் போயிருந்தான்.

பத்தரைக்கு எடுத்தார்கள். பேச்சு வெளியே கேட்டது. "இப்பவே சொல்லுங்கோ அக்கா, இல்லாட்டி இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவம்."

"அவர் வரமாட்டார் தம்பி. குடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டு, மற்றப் புருவத்தைத் தொடங்கினாள். கோடு இழையளவும் விலகவில்லை.

நான் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன். "என்ன பிள்ளை, மீன் கடிச்சுதோ எண்டு தெரியாமலே?"

"கடிக்கும்."

பெண் மண்டபத்துக்குப் போய், தாலி ஏறி, சாப்பாட்டுப் பந்தியும் தொடங்கிய பிறகுதான் கோகுலன் எடுத்தான். மூன்று கொடுவாவாம். அடுத்த மாசிக்கு இப்போதே நாள் கேட்கிறார்களாம்.

சுகந்தினி பந்தி நடுவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள், திறக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினாள். "காலமையில இருந்து கை இப்பிடித்தான் அண்ணை நடுங்குது. அந்தப் பிள்ளையின்ர புருவம் முடியுமட்டும்தான் பிடிச்சு வச்சிருந்தனான்."