கோடு வரைக்கும்

பழச்சாறு கம்பெனியில் அவளுக்குக் ‘கழுகு’ என்று பேர். பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் சாறு கோட்டுக்குக் கீழே நின்றாலும் தள்ளிவிடுவாள், மேலே போனாலும் தள்ளிவிடுவாள். மயிரிழை பிசகாது. அந்தக் கண்ணுக்காகவே, பிரசவ விடுப்பு முடிந்ததும் வா வா என்று கூப்பிட்டார்கள். வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரே பதற்றம்தான்.

காரணம் வீட்டில் இருக்கும் மகள். டப்பா பாலை வாயில் வைத்தால் வைத்த வேகத்தில் துப்பிவிடுகிறாள் மகராசி. பகலில் இவள் கம்பெனியில் பம்ப் வைத்து எடுத்துவரும் தாய்ப்பாலைத்தான் மறுநாள் மாமியார் புகட்ட வேண்டும். அது போதவில்லை. இந்த வாரமும் பிள்ளை பசியில் கத்தினால் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடு என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். விட இவளுக்கு மனசே இல்லை. இவளைக் கெட்டிக்காரி என்று நாலு பேர் ஒப்புக்கொண்ட இடம் அந்த பெல்ட் ஒன்றுதான்.

சாப்பாட்டு இடைவேளையில் லேபிள் கட்டுகள் அடுக்கிய அறைக்கு ஓடுவாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். பம்ப் உர்ரென்று இழுக்கும். மார்பு கல்லாய்க் கனக்கும். பாட்டிலின் அடி நனைவதோடு சரி. கதவைப் பார்ப்பாள், பாட்டிலைப் பார்ப்பாள், பால் எங்கே, மறுநாளைக்குப் போதுமான அளவைக் காட்டும் கோடு எங்கே என்று மறுபடியும் பார்ப்பாள். வீட்டில் பிள்ளை வாய் வைத்தால் மட்டும் புரையேறுகிற அளவுக்கு வருகிறது. இதென்ன ஓரவஞ்சனை என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாத்தனார் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவள்தான் விளக்கினாள். மூளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் நரம்பு செல்கள் இருக்கின்றனவாம். பிள்ளை சப்பினால், சில சமயம் அதன் நினைப்பு வந்தாலே, அவை எல்லாம் சேர்ந்தாற்போல ஒரு ஹார்மோனை அவிழ்த்துவிடும். பாலை இறக்குவது அதுதான். பதற்றம் வந்தால் மூளை அந்த செல்களை அடக்கிவிடும். பால் இருக்கும், இறங்காது.

“பாட்டிலைப் பாக்காதீங்க அண்ணி.”

“பாக்காம எப்படி இருக்கறது? பாக்கறதுதானே என் பொழப்பு.”

மறுநாள் கண்ணை மூடிப் பார்த்தாள். அது தானாகத் திறந்து கோட்டில் போய் நின்றது. பழக்கதோஷம், லேசில் போகுமா? எரிச்சலில் துணி தேடிப் பையைக் கிளறினாள். மகளின் சாக்ஸ் ஒன்று கையில் சிக்கியது. அதை இழுத்துப் பாட்டிலுக்கு மாட்டிவிட்டாள்.

இப்போது கோடும் இல்லை, மட்டமும் இல்லை. கண்ணுக்கு வேலை போய்விட்டது. சும்மா இருக்கத் தெரியாத கண் சாக்ஸையே மேய்ந்தது. நுனியில் மகள் கடித்துக் கடித்து நூல் பிரிந்திருந்தது. காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிற போக்கிரி. நினைத்ததும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்புக்குள் சுருக் சுருக்கென்று ஊசி குத்தினாற்போல இருந்தது.

மணி அடித்ததும் பதறிப்போய் பம்பை நிறுத்திச் சாக்ஸைக் கழற்றினாள். பால் கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை நின்றது. பெல்ட்டில் வந்திருந்தால் யோசிக்காமல் தள்ளியிருப்பாள். இதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.